தேரிமருவுக்கு ஊற்றிய தண்ணீர்

சங்குமுனையில் கித்தேரியின் தோட்டத்துத் தேரிமருவுச் செடி, கடலுக்குப் போன ஆண்களின் வாசத்தைக் கரையில் விடத் தொடங்கிய அன்று, ஊரில் அதைவிடப் பெரிய பேச்சு தண்ணீர் லாரி வராததைப் பற்றித்தான் இருந்தது. கச்சான் காற்று மேற்கேயிருந்து செம்மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றிலும் கண்ணிலும் போட்டுக்கொண்டிருந்த மாதம் அது; கிணறுகளெல்லாம் உவர்த்துப்போய், குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தால் உண்டு, வராவிட்டால் பக்கத்து வீட்டுக் குடத்தைப் பார்த்து எச்சிலை விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படியொரு சாயங்காலத்தில், வேலியோரம் நின்ற அந்தச் செடியின் இலை ஒன்றைக் கித்தேரி சும்மா கசக்கி முகர்ந்தாள். அவள் புருஷன் தஸ்நேவிஸின் வாசம் வந்தது: முட்டிக்கு அவன் தேய்க்கிற தைலம், அதற்குக் கீழே வியர்வை, அதற்கும் கீழே கொதிக்கிற மீன்குழம்பு. அவனோ அந்த நேரத்தில் கரையிலிருந்து கண்ணுக்கெட்டாத தூரத்தில் வலையோடு கிடந்தான். "இன்னைக்கும் புளியக் கூடப் போட்டுட்டாவ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.

செடி அவளுக்குக் கிடைத்த கதை சின்னது. ஊருக்கு மேற்கே தேரிக்காட்டின் செம்மணல் மேட்டை லாரிக்காரர்கள் தோண்டிக்கொண்டே வந்தபோது, பள்ளத்தின் விளிம்பில் வேர் தொங்க நின்ற மூன்று செடிகளைச் சேலை முந்தியில் மண்ணோடு கட்டிக்கொண்டு வந்து வீட்டில் நட்டாள். சாம்பல் பூத்த சின்ன இலை, ஆட்டு நாக்குப் போலச் சொரசொரப்பு, நுனியில் ஊதாப் பூ. ஒரு காலத்தில் தேரி முழுக்க நின்றதாம். பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. படம் எடுக்க வந்த ஒரு கல்லூரி டீச்சர், இது இந்தக் கரையை விட்டால் வேறெங்கும் இல்லை, இங்கேயும் இனி இல்லை என்றுதான் நினைத்திருந்தோம் என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டுப் போனார். கித்தேரி முதல் இரண்டுக்கும் பிள்ளைக்கு ஊட்டுவது போலத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். இரண்டும் ஒரே வாரத்தில் கறுத்துச் செத்தன. கிழிந்த வலைக் குவியலுக்குப் பின்னால் அவள் மறந்தே போன மூன்றாவது செடி, காலைப் பனியை மட்டும் நக்கிக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நின்றது. கோடையில் அதன் காலில் ஈரம் படக் கூடாது என்பதை அப்படித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

"செடியக் கவனிக்காம இருக்கதுக்கே இவ்வளவு கவனிப்பா?" என்று தஸ்நேவிஸ் கேலி செய்வான். "என்னையும் வலைக்குப் பின்னால கொண்டு போயி நட்டுரு. நானும் நல்லா வளருவேன்."

"உங்களுக்கு ஊத்துறதுக்குத்தான் ஊர்ல ஆள் இருக்கே" என்பாள் அவள். அவன் சனிக்கிழமைகளில் குடிப்பதைத்தான் அப்படிச் சொல்வது. ஒரு தடவை சண்டை போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன் திரும்பி வந்து, "கடல்ல வரும்போதே உன் செடி மணக்குது, கித்தேரி. கண்ண மூடிக்கிட்டே கரை பிடிச்சிரலாம்" என்றான். சமாதானத்துக்கு ஐஸ் வைக்கிறான் என்று நினைத்து அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பதைவிட, இதை ஒரு ரகசியமென்றே அவள் நினைக்கவில்லை என்பதுதான் சரி. புருஷனின் அக்காள் மெட்டில்டாவிடம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். மெட்டில்டா வந்து இலையை முகர்ந்தாள். தன் புருஷன் சவேரியானின் பீடி வாசம் வரவே, தவக்காலத்தில் மாதா முன்னால் சத்தியம் பண்ணிப் பீடியை விட்ட மனுஷனைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கரையில் போய் எதிர்கொண்டாள். மறுநாள் முதல் சாயங்காலமானால் ஊர்ப் பெண்களெல்லாம் கித்தேரியின் வேலிக்குள் வந்து நின்றார்கள். செடி ஆளுக்கு ஆள் வேறு வாசம் விட்டது. எவள் முகர்ந்தாலும் அவளவள் வீட்டு ஆளின் வாசம்தான் வரும். மகன் கடலில் வாந்தி எடுத்தது ஒருத்திக்குத் தெரிந்தது, புருஷனின் கைக்காயம் சீழ் வைத்தது இன்னொருத்திக்குத் தெரிந்தது. படகு திரும்புவதற்குள் கஞ்சியும் மருந்தும் தயாராக இருந்தன. ஆண்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு மூக்கைத் துளைக்கச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். வீட்டில் இல்லாத சோப்பின் வாசம் எங்கிருந்து வந்தது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, கோயிலில் தூபத்துக்கு இடமுண்டு, செடியைப் பற்றி மறைமாவட்டத்து மேற்றிராணியார் ஒன்றும் சொல்லவில்லை என்று பிரசங்கத்தை முடித்துக்கொண்டார். பிறகு அவரும் ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

கித்தேரி போட்ட சட்டம் இரண்டுதான். இலையைக் கசக்கலாம், பறிக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒரு சொட்டுகூட. அந்த இரண்டாவது சட்டத்தைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். தொண்டை நனைக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் செடிக்கு ஊற்றுகிற பைத்தியம் எவளுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள்.

கச்சான் உச்சத்தில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை தஸ்நேவிஸும் சவேரியானும் சின்ன பைபர் படகில் போனவர்கள் திரும்பவில்லை. கடைசியாகப் பார்த்த படகுக்காரர்கள், அவர்களின் என்ஜின் மூடி திறந்து கிடந்தது என்றும், கிட்டே போவதற்குள் அலை மறைத்துவிட்டது என்றும் சொன்னார்கள். கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. என்ஜின் நின்ற படகை அது தள்ளிக்கொண்டே போகும், விடாது.

சங்குமுனையின் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு படகு வராவிட்டால் ஒருவனும் தொழிலுக்குப் போக மாட்டான். எல்லாப் படகும் தேடத்தான் போகும். ஊர்க் கமிட்டி கூடி, கடல் எடுத்துக்கொண்டது என்று முடிவு சொல்லி, கோயிலில் துக்கமணி அடித்துவிட்டால் தேடுதல் முடிந்தது. மறுநாள் மரித்தோர் பூசை, அதற்கு மறுநாள் தொழில். மணி அடித்த பிறகு தேடப் போவது செத்தவரின் ஆத்துமாவை அலைய விடுவது என்று ஊர் நம்பியது. அதனால் கித்தேரி பயந்ததெல்லாம் அந்த மணியின் கயிற்றுக்குத்தான்.

ஆனால் அவளிடம் செடி இருந்தது. காலையிலும் சாயங்காலத்திலும் கசக்கி முகர்ந்து வந்து சொல்வாள். தைலம் இருக்கிறது, ஆள் இருக்கிறார். தைலம் தீர்ந்துபோய் வெறும் வியர்வையும் உப்பும் வந்தன, அப்போதும் ஆள் இருந்தார். பிறகு வெயிலில் காய்ந்த தோலின் வாசம், அதோடு பழைய இரும்பு வாளியை முகர்ந்தால் வருகிற ஒரு வாசம். அது என்ன என்று மெட்டில்டாவுக்குச் சொல்லாமல் விட்டாள். பயத்தின் வாசம் அது. ஒவ்வொரு நாளும் ஊர்க் கமிட்டித் தலைவர் லெயோன் அவளைக் கேட்பார், அவள் இருக்கிறார்கள் என்பாள், டீசல் இருக்கிற படகெல்லாம் கிளம்பும். காய்ந்துபோன கண்ணோடு ஆண்கள் திரும்பி வருவார்கள். வீடுகளில் அடுப்பு மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்தது, ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த நல்ல குணத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. அந்த நல்ல குணம்தான் அடுத்த கெடுதலையும் செய்தது.

வாசம் மெலியத் தொடங்கியது. வேறொன்றுமில்லை, படகு தூரம் போகப் போக மெலிந்தது. கித்தேரிக்கு அது புரிந்தது. மற்றப் பெண்களுக்கோ செடி வாடுகிறது என்று தோன்றியது. மத்தியானங்களில் கித்தேரி கரையில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, வேலிப்படல் மெதுவாகத் திறந்தது, மூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் இலையைக் கசக்கினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொன்றைக் கசக்கினாள். தஸ்நேவிஸின் வாசம் மட்டுமல்ல, தேரிமருவின் சொந்த வாசமும் இல்லை. பச்சைப் புல்லைக் கசக்கியது போல வெறும் ஈரம் விரலில் ஒட்டியது. அவள் வாய்விட்டு அழவில்லை. அதற்குள் மெட்டில்டா வந்துவிட்டாள், கசக்கினாள், மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பூசை முடிந்து வந்த ஊர் முழுவதும் வேலியைச் சுற்றி நின்றது. லெயோன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓர் இலையை முகர்ந்தார். கடலில் அவர் தம்பி இறந்தபோதுகூட அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றதில்லை.

"இல்லம்மா" என்றார். "கடல் எடுத்துக்கிட்டுது."

மணி அடிக்கிற கோயில்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்துத் திரும்பினார்.

"நில்லுங்க" என்றாள் கித்தேரி. அவள் குனிந்து செடியின் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கச்சான் தூவிய செந்தூசி காய்ந்து கிடந்தது. கையை வைத்ததும் அந்தத் தூசியின் கீழே மண் குளிர்ந்து, கறுத்து, பிசுபிசுவென்று வந்தது. "மாமா, மழை பெஞ்சு எத்தன நாளாச்சு?"

"ஏன், ஐப்பசியில பெஞ்சதுதான்."

"இதுல யாரு தண்ணி ஊத்துனது?"

கித்தேரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் தன் கால் விரலைப் பார்த்தது. அந்த மௌனத்துக்குக் காரணம் இருந்தது. குடிக்கிற தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறவளை ஊர்க் கூட்டத்தில் நிறுத்திக் கேட்பது என்று லாரி வரத் தொடங்கிய காலத்திலேயே கட்டுப்பாடு. அது கிடக்கட்டும். செடி செத்ததும் ஆட்கள் செத்தார்கள் என்று ஊரே நம்பி நிற்கிற நேரத்தில், நான்தான் ஊற்றினேன் என்று சொல்வது, நான்தான் அந்த இரண்டு பேரையும் கொன்றேன் என்று சொல்வது அல்லவா. எவளுக்கு வாய் வரும்?

"ஊத்துனதாலதான் வாசம் நின்னுச்சு, மாமா. இது செடியோட சாவு. அவிய சாவு இல்ல."

லெயோன் கெட்ட மனுஷர் இல்லை. ஊரின் அணைந்த அடுப்புகளெல்லாம் அவர் தலையில்தான் புகைந்துகொண்டிருந்தன. "அப்படியும் இருக்கலாம், தாயி. ஆளு போனதால செடி போயிருக்கலாம். எது முந்திப் போச்சுன்னு நான் யாரக் கேக்க? நீ பொஞ்சாதி. உனக்கு அப்படித்தான் தோணும்."

"வேரக் கேளுங்க" என்றாள் கித்தேரி.

தண்ணீர் ஊற்றிச் செத்த முதல் இரண்டு செடிகளை அவள் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். வேர் கறுத்து, அழுகி, தொட்டால் தோல் உரிந்து வந்தது. இதன் வேரும் அப்படி இருந்தால் அவள் சொன்னது சரி. வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் செடிக்கு ஒரு நோயும் இல்லை, வாசம் விட ஆள்தான் இல்லை. அப்படியென்றால் தன் கையாலேயே மணிக்கயிற்றை இழுத்தவள் ஆவாள். எப்படியிருந்தாலும், பிடுங்கினால் இந்தக் கரையில் இனி ஒரு தேரிமருவு கிடையாது. இன்னும் ஒரு வாரம் காயவிட்டால் ஒருவேளை துளிர்த்தாலும் துளிர்க்கும் என்று அவள் மனசின் ஒரு மூலை சொல்லியது. படகில் தண்ணீர் ஒரு வாரத்துக்கு இருக்காது என்று இன்னொரு மூலை சொல்லியது.

அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளத் தொடங்கியதும் மெட்டில்டா ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம், கித்தேரி. தோண்டாத. வேரு வெள்ளையா இருந்துச்சுன்னா என்ன செய்வ?"

"கைய விடுங்க, மைனி."

"தெரியாம இருந்தா இன்னும் ரெண்டு நாளு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாமே, ஏட்டி."

"நீங்க நெனச்சுக்கிட்டு இருக்க அந்த ரெண்டு நாளும் அவிய தாகத்தோட கிடக்கணும்."

மெட்டில்டாவின் பிடி தளர்ந்தது. கித்தேரி தோண்டினாள். மண் நகக்கண்ணில் ஏறியது. ஊர் முழுக்க நின்றும் கச்சானின் ஊளையைத் தவிர வேறு சத்தமில்லை. தண்டின் கீழே முதல் வேர் தட்டுப்பட்டது, அது வெள்ளையாக இருந்தது. பின்னால் யாரோ "மாதாவே" என்றார்கள். கித்தேரியின் கை நிற்கவில்லை. இன்னும் கீழே போனாள், முழங்கை மறையும் வரை போனாள், பிறகு தண்டை இரண்டு கையாலும் பற்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். செடி அவ்வளவு லேசாக வந்துவிட்டது. எதிர்பார்க்காமல் அவள் மல்லாக்க விழுந்தாள். கையில் இருந்த வேர்க்கொத்து அடியிலிருந்து முக்கால்வாசி வரை கறுத்து, கூழாகி, சாக்கடை நாற்றம் அடித்தது. பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது. அவ்வளவு தண்ணீரை அந்த ஊரில் எந்த வீட்டிலும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது.

எழுந்து அதை லெயோனின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவர் தொட்டார், தோல் உரிந்து அவர் விரலில் வந்தது.

"நான்தான் ஊத்துனேன்" என்றாள் மெட்டில்டா. "என் பங்குத் தண்ணிதான். வாசம் கொறையுதேன்னு, கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு ஊத்துனேன். நான் குடிக்காமதான் ஊத்துனேன்."

அவள் வாய் திறந்ததும் மற்றவர்களும் அழுதுகொண்டே திறந்தார்கள். நானும் ஒரு செம்பு. நானும் ஒரு குடம். பிள்ளைக்கு வச்சிருந்தது. அரிசி கழுவாமல் மிச்சம் பிடித்தது. ஊரில் அத்தனை பெண்களும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் தாகத்தோடு படுத்து, அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்து செடியைக் கொன்றிருந்தார்கள். கடைசியில் பங்குச் சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஊற்றியது தீர்த்தம்தான், கொஞ்சம்தான்" என்றார். அந்த நேரத்திலும் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாக முடிந்தது.

லெயோன் கோயில்பிள்ளையைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கோயில்பிள்ளை கோயிலுக்குப் போகாமல் நேரே தன் படகுக்குப் போனார். கித்தேரி செடியைக் கிளை கிளையாக முறித்தாள். முறிக்கும்போது வாய்விட்டு அழுதாள், அதை யாரிடமும் மறைக்கவில்லை. கிளம்புகிற ஒவ்வொரு படகின் முன்மூக்கிலும், அணியத்தில், ஒரு கிளையைக் கட்டச் சொன்னாள். எதற்கென்று லெயோன் கேட்டதற்கு, "தெரியல, மாமா. கரையில வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். இதுவரை போன எல்லைக்கு அப்பாலும் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் படகுகள் கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே போயின. ஈரம் குடித்து ஊமையாகிப்போன இலைகள் அந்த வெயிலிலும் காற்றிலும் அணியத்தில் காய்ந்துகொண்டே போயின.

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் படகுகள் வந்தன. லெயோனின் படகு ஒரு சின்ன பைபர் படகைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. சவேரியானைத் தூக்கி இறக்கினார்கள். தஸ்நேவிஸ் தானே இறங்குவேன் என்று இறங்கி, கால் மடங்கி, ஈரமணலில் உட்கார்ந்தான். உதடு வெடித்து, முகம் கருவாடாகியிருந்தது. தன்னைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான், பெண்களை, பிள்ளைகளை, சாமியாரை. ஏதோ சரிபார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கித்தேரி முன்னால் வந்ததும் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான்.

"இருக்கியா?" என்றான்.

"நான் எங்க போக?"

"உன் செடி மணந்துக்கிட்டே இருந்துச்சு, கித்தேரி. காத்து அத்தன தூரமும் கொண்டாந்து குடுத்துச்சு. அந்த மணத்தப் பாத்துத்தான் துடுப்புப் போட்டோம். காத்துக்கு எதிர்த்த போட முடியுமா, ஆனாலும் போட்டோம். சனிக்கெழம ராத்திரி படக்குன்னு நின்னுபோச்சு." அவன் மூச்சு வாங்கினான். "கரையில எல்லாரும் செத்துப்போயிட்டியன்னு நெனச்சோம். அலை வந்து ஊர எடுத்துட்டுன்னு. இனி எங்க போகன்னு துடுப்ப உள்ள எடுத்து வச்சிட்டோம்."

அவன் சவேரியானைக் கை காட்டினான்.

"அத்தான் உங்க எல்லாருக்கும் ஜெபம் சொன்னாவ. மரிச்சவுகளுக்குச் சொல்லுவோமே, அது. வீடு வீடா, பேரு பேரா. அக்கா பேரு, லெயோன் மாமா பேரு, இந்தப் பிள்ளைய பேரு எல்லாம். நான் ஆமென் சொன்னேன். நேத்துச் சாயங்காலம் அரைகுறையா மறுபடி மணந்துச்சு பாரு, அப்பத்தான் எந்திரிச்சுச் சட்டையக் கழத்தி வீசிக் காட்டுனேன்."

ஊர் முழுவதும் தங்கள் பெயர் செத்தவர்களின் ஜெபத்தில் சொல்லப்பட்டதைக் கேட்டுக்கொண்டு மணலில் நின்றது. லெயோன் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கித்தேரிக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. "எனக்கும் ஆமென் சொன்னீயளா?"

"உன் பேரு வந்தப்போ அத்தான் நிறுத்திட்டு என்னப் பாத்தாவ. வாயத் தொறக்கல நான். அப்படியே தூங்கிட்டேன்."

கித்தேரி, பக்கத்தில் குடத்தோடு நின்ற மெட்டில்டாவின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, ஒரு சொட்டுகூட மணலில் சிந்தாமல், அவன் வாயில் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினாள்.